ஒரு சுற்று

2021 ஜூலை 30, வெள்ளிக்கிழமை சாயங்காலம். காபி டம்ளரும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கலப்புத் தொடர் ஓட்டம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு சுற்று, 400 மீட்டர். ஒலிம்பிக்ஸில் இந்தப் போட்டியைச் சேர்த்ததே அந்த முறைதான். முகமது அனஸிடம் பேட்டனை வாங்கிக்கொண்டு ஓடியவர் ரேவதி வீரமணி. நம்ம மதுரைக்குப் பக்கத்துச் சக்கிமங்கலத்துப் பெண். அவரிடமிருந்து வாங்கி ஓடிய சுபாவும், கடைசியாக ஓடிய ஆரோக்கிய ராஜீவும் திருச்சிப் பக்கம். நாலு பேரில் மூவர் தமிழ்நாடு!

ரேவதியின் கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். வளர்த்தது பாட்டி ஆரம்மாள். வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்தவர். பேத்தி வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு மனம் மாறி அனுப்பினார். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி, லேடி டோக் கல்லூரியில் படிப்பு. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் பிறகு 400க்கு மாறினார். 2021 ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் 53.55 விநாடியில் முதலாவதாக வந்து டோக்கியோ போனார்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு.

என் தங்கையும் ஓடினவள்தான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆளில்லை. பரிசாக வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளர்கள் அடுப்படியில் வரிசையாக இருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்க டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். "பொம்பளைப் பிள்ளை ஊர் பாக்க ஓடுனது போதும்" என்று அப்பா முடித்துவிட்டார்.

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் பேச்சுக்கு வீட்டில் மரியாதை இருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். அதன்பிறகு அவள் ஓட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

அன்று ஓட்டம் முடிந்ததும் திருமங்கலத்தில் இருக்கும் அவளுக்குப் போன் போட்டேன்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேண்ணே."

"3 நிமிஷம் 19.93 விநாடி. ஃபைனலுக்குப் போக முடியலையே."

"அதுனால என்னண்ணே. அந்தப் பாட்டி அனுப்பி வச்சாங்கள்ல."

படித்தவர்கள் இருந்த எங்கள் வீட்டில் வராத மனசு, சூளையில் செங்கல் சுமந்த அந்தப் பாட்டிக்கு வந்திருக்கிறது. டோக்கியோவில் பேத்தி ஓடியது ஒரு சுற்றுதான். அதற்கு முன்னால் பாட்டி எத்தனை சுற்று ஓடியிருப்பார்!

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"காபி குடிச்சீங்களாண்ணே?" என்றாள்.

டம்ளரைப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.