பாளையம் சிக்னலும் புனித தேவசகாயமும்

திருவனந்தபுரம் பாளையம் சிக்னல்ல சிவப்பு விழுந்தா அவ்ளோதான்.
பக்கத்துலயே சூசையப்பர் பேராலயம். செபம் பண்ண நல்ல நேரம்.
நான் பண்றது, முன்னாடி நிக்கிற ஆட்டோவை முறைக்கிறது.

இந்த லட்சணத்துல எனக்குப் பிடிச்ச புனிதர் தேவசகாயம்!

திருவிதாங்கூர் அரசு அதிகாரி. கஷ்டத்துல மனசு உடைஞ்சு கிடந்தவர்கிட்ட பைபிள்ல வர்ற யோபுவோட கதையைச் சொன்னது டிலனாய். 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி.
1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம்.
1749-ல கைது.
1752 ஜனவரி 14, காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க.
2022-ல புனிதர் பட்டம்.

என்னை உறுத்துறது கைதுக்கும் சாவுக்கும் நடுவுல உள்ள அந்த வருஷங்கள்தான்.
எருமை மேல பின்பக்கம் பார்க்க உட்கார வச்சு ஊர் ஊரா இழுத்துட்டுப் போனாங்கன்னு குமரிப் பக்கம் சொல்வாங்க. பெருவிளையில வேப்பமரத்துல கட்டிப் போட்டிருந்தாங்களாம். பார்க்க வந்தவங்களுக்கு இவர் ஆறுதல் சொல்லி அனுப்பினாராம்!

ஒரே நாள்ல உயிரைக் கொடுக்கிறதுகூட ஒரு வேகத்துல நடந்துடும்.
ஆனா வருஷக்கணக்கா தாங்கணும்னா, தினம் காலையில "போதும், விட்டுடு"ன்னு மனசு கூப்பிடுமே, அதுக்குத் தினமும் முழிச்சிருந்து பதில் சொல்லணும்.

என்னைப் பொறுமைசாலின்னு சொல்ற சொந்தக்காரங்க இருக்காங்க. பாதி நேரம் நான் தூங்கிட்டு இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. (தியானக் கூட்டத்துல குறிப்பா.)

சரி, காத்திருக்கும்போது மனசு தூங்காம இருக்க நீங்க என்னதான் பண்றீங்க?