முதல் மெயில் மட்டும் கொஞ்சம் காத்திருக்கட்டும்

எங்கள் மாடித்தோட்ட மின்னஞ்சல் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒருவர் மெயில் அனுப்பினால் எல்லோருக்கும் போய்விடும். இந்த வசதியில்தான் வம்பும் வருகிறது. கத்தரிச்செடியில் மாவுப்பூச்சி என்று ஒருவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே, 'உங்களுக்கு லாட்டரியில் பரிசு' என்று இன்னொன்று வந்து விழும்.

இது இன்று நேற்றுத் தொல்லை இல்லை. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில், 1978-லேயே கேரி துவெர்க் என்பவர் தன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை விற்க, சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

குழுவைக் கவனித்துக்கொள்ளும் மூவரில் நானும் ஒருத்தி. எங்கள் வழக்கம் எளிது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மெயில் மட்டும் எங்களிடம் நிற்கும். படித்துப் பார்த்து அனுப்புவோம். அடுத்ததிலிருந்து தடை இல்லை. குப்பை அனுப்ப வந்தவரென்றால் பெரும்பாலும் முதல் மெயிலிலேயே சாயம் வெளுத்துவிடும். பழைய உறுப்பினர் பெயரில் ஏடாகூடமாக ஏதாவது வந்தால், யாரோ அவர் பாஸ்வேர்டைத் திருடியிருக்கலாம். குழுவில் வைத்துத் திட்டாமல், போன் செய்து மாற்றச் சொல்வோம்.

உறுப்பினர்களிடம் கேட்பது இரண்டுதான். 'இதை நிறுத்துங்கள்' என்று குழுவிலேயே பதில் போடாதீர்கள். அந்தக் குப்பை இன்னொரு முறை எல்லோர் வீட்டுக்கும் போகும். 'ஸ்பேம்' பட்டனையும் அழுத்தாதீர்கள். குழுவின் நல்ல மெயில்களும் குப்பைக்குப் போக ஆரம்பிக்கலாம். அழித்துவிட்டு எங்களிடம் சொன்னால் போதும்.

ஒருமுறை தொல்லை எல்லை மீறியபோது, "தெரிந்தவர் சிபாரிசு இருந்தால் மட்டும் சேர்ப்போம்" என்று சிலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே வாரம் நிறுத்திவைத்திருந்த மெயில்களில் தலைப்பே இல்லாமல் ஒன்று இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார் ஓர் அம்மா. கணவர் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி. அவர் தவறி மூன்று மாதம் ஆகிறது. இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது, என்ன செய்யலாம்?

அவரை எங்களில் யாருக்கும் தெரியாது. சிபாரிசுக்கு எங்கே போவார்? மெயிலைக் குழுவுக்கு அனுப்பினோம். அன்று ராத்திரிக்குள் ஏழு பேர் பதில் எழுதினார்கள். தொட்டியின் அடித்துளை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது.

சிபாரிசுப் பேச்சு அதோடு நின்றது. மூவரும் முறைவைத்து, தினமும் காலைக் காபியோடு பத்து நிமிடம் புது மெயில்களைப் பார்க்கிறோம். முக்கால்வாசி குப்பைதான். மீதிக்காகத்தான் பார்க்கிறோம்.