உப்புக் காற்றும் ஒரு கையகலப் பெட்டியும்

கடலூர் ஓ.டி. துறைமுகத்திலோ, பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் பக்கமோ போனால், கரையில் நிற்கும் போட்டுகளை உற்றுப் பாருங்கள். வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன் தவிர, சிலவற்றில் கூரைமேல் ஒரு சோலார் பேனலும் தென்படும். பேனலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கும் பேட்டரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் கையகலப் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. பெயர், சார்ஜ் கன்ட்ரோலர்.

ராத்திரி நடுக்கடலில் இது செத்தால், பின்னாலேயே பேட்டரி, விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். எல்லாம் வரிசையாகச் சாகும். விளக்கு இல்லாத ஃபைபர் போட்டு சரக்குக் கப்பல்காரன் கண்ணுக்குத் தெரியாது. ரேடாரிலும் ஃபைபர் லேசில் விழாது. ஆகவே இது வெறும் கரண்ட் சமாசாரம் இல்லை.

பேனலை நேராக பேட்டரியில் கொடுத்தால் என்ன என்பீர்கள். '12 வோல்ட் பேனல்' என்று சொல்வது ஒரு செல்லப் பெயர்தான். வெயிலில் சும்மா வைத்து அளந்தால் 21 வோல்ட் காட்டும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிக்கு 14.4-க்கு மேல் போனால் ஆகாது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டு வற்றிவிடும். நம்ம வீராணம் ஏரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 47.5 அடி வந்ததும் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஷட்டர்காரர்தான் கன்ட்ரோலர். இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பதும் அவரே.

சரி, வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர், "வாட்டர்ப்ரூஃப் சார், தண்ணியில முக்கி எடுக்கலாம்!" என்பார். பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பொய்யில்லை. ஆனால், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது முக்கினால்தான் கெடுக்கும் என்பதில்லை. காற்றிலேயே வந்து உட்கார்ந்து தின்னும். தேவனாம்பட்டினத்தில் ஒரு போட்டுக்காரர் சொன்னது: "தண்ணி ஒண்ணும் பண்ணாது சார். உப்புக்காத்துதான் கம்பியத் தின்னுடும்."

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டி பிழைத்துக்கொள்ளும், ஸ்க்ரூ போட்டு வயர் சொருகும் இடம்தான் பச்சை பூத்துப் போகும். எனவே ஐ.பி. எண்ணைப் பார்க்கும் முன் வயர் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். உள்ளே முழுக்க எபாக்ஸி ஊற்றி அடைத்து, வயர்களை ஃபேக்டரியிலேயே வெளியே நீட்டிவிட்ட மாடல் உத்தமம். யு.எஸ்.பி. ஓட்டை, பளபளா டிஸ்ப்ளே எல்லாம் வீட்டு மொட்டைமாடிக்கு அழகு. போட்டில் ஒவ்வொரு ஓட்டையும் உப்புக்கு வாசல். 'சால்ட் ஸ்ப்ரே' சோதனை செய்ததா என்று தனியாகக் கேளுங்கள், ஐ.பி. எண்ணுக்குள் அது அடங்காது. வயர் ஈயம் பூசிய தாமிரமாக இருக்கட்டும். இணைப்புக்கு மேல், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அடைத்த பெட்டிக்கு இன்னொரு சங்கடம், மூச்சு விட முடியாது. ஃபேன் கிடையாது, சூடு முழுவதும் முதுகிலுள்ள அலுமினியம் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே உள்ள கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. 100 வாட் பேனல் தருவது 6 ஆம்பியருக்குள்தான். ஆனாலும் 10 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்குங்கள். நிழலில், செங்குத்தாக மாட்டுங்கள். பேட்டரிப் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். அங்கே ஹைட்ரஜன் சேரும்.

எம்.பி.பி.டி.யா, பி.டபிள்யூ.எம்.மா என்ற பட்டிமன்றம் அடுத்தது. போட்டு மேல் ஒற்றை 36 செல் பேனல் என்றால் மலிவான பி.டபிள்யூ.எம். போதும் என்பேன். 100 வாட்டில் 70 வாட்டாவது வரும். இரண்டு விளக்கு, வி.எச்.எஃப்., மீன் தேடும் கருவி எல்லாம் ஒரு ராத்திரிக்கு 200 வாட்-அவருக்குள் அடங்கும். வீட்டுக்கூரைக்கான 60 செல் பேனலை ஏற்றினால் மட்டும் எம்.பி.பி.டி. கட்டாயம். அதிலும் போலி உண்டு; ஸ்டிக்கரில்தான் எம்.பி.பி.டி. இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். நிஜத்தில் உள்ளே ஒரு காயில் இருக்கும், கனக்கும். காற்றாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தப் பெட்டிக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று தோன்றுவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. அரைகுறை சார்ஜில் கிடக்கும் லெட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, தடை முடிந்து போய் ஸ்டார்ட் செய்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பேனலும் கன்ட்ரோலரும் மாட்டியிருந்தால் 13.6 வோல்ட்டில் அதைத் தாலாட்டி வைத்திருக்கும்.

சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனத்துக்குச் சமையல் சாமானோடு வேனில் வந்து தங்குகிறவர்களும் இதே பெட்டியை மாட்டலாம். (கேரவன் என்றால் நமக்கு சினிமா நட்சத்திரம்தான் ஞாபகம் வருகிறது.) வேனில் எதிரி உப்பல்ல, அதிர்ச்சியும் சூடும். ஆகவே ஸ்க்ரூவை அடிக்கடி முடுக்குங்கள்.

பிச்சாவரத்தில் மோட்டார் போட்டு சுரபுன்னைக் காட்டுக்குள் டபடபவென்று நுழையும்போது கொக்குகள் எழும்பிப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 75 பேர் போகும் 'ஆதித்யா' 2017 ஜனவரி முதல் சூரியசக்தியில் ஓடுகிறது. நமக்கு ஏன் இன்னும் வரவில்லை?

மாட்டும்போது ஒன்று. முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பாசிட்டிவ் வயரில் ஒரு ஃபியூஸ்.