வங்கி இல்லாத இடத்திலும் வட்டி உண்டு



மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் பொருளாதாரம் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் நெடுங்காலமாக ஒரே வட்டத்திற்குள் சுழன்றுவந்தன. சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை என்ன செய்வது, வீட்டுக்கடன் வாங்கலாமா, நகைக்கு ஜகாத்தை எப்படிக் கணக்கிடுவது என்பனவே அவை. அண்மைக் காலமாக வேறொரு கேள்வி வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் அதை இவ்வாறு கேட்டிருந்தார்: “ஹஜ்ரத், டீஃபை என்று ஒன்று இருக்கிறது. அதில் வங்கியே கிடையாது. வங்கி இல்லையென்றால் வட்டியும் இல்லைதானே? தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அதில் போட்டு வைக்கலாமா?”

தங்கையின் திருமணத்திற்காக நான்கு ஆண்டுகள் வெயிலில் நின்று சேர்த்த பணம் அது. ஒற்றைச் சொல்லில் ஹராம் என்றோ ஹலால் என்றோ விடை கூறி அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை. தம்பியிடம் சில நாட்கள் அவகாசம் கேட்டோம். அதற்காகப் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இதே கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கக் கூடும்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து, உலக வங்கித்துறையே ஆட்டம் கண்டது. அடுத்த மாதமே சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயின் பற்றிய கட்டுரை வெளியானது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் ஏடு உருவாக்கப்பட்டபோது, அதற்குள் லண்டன் டைம்ஸ் நாளிதழின் அன்றைய தலைப்புச் செய்தி ஒன்று பொதிக்கப்பட்டது. வங்கிகளுக்கு இரண்டாம் முறையாக அரசு மீட்புநிதி வழங்கும் நிலை பற்றிய செய்தி அது. வங்கிகள் மீதான கோபத்தில் பிறந்த பிள்ளை இது என்பதற்கு அதுவே சான்று. 2015இல் எத்தீரியம் வந்தது. பணத்தை அனுப்புவதோடு நில்லாமல், ஒப்பந்தத்தையே நிரலாக எழுதி, மனிதர் தலையீடின்றி நிறைவேறச் செய்ய முடியும் என்று அது காட்டியது. அந்த நிரல்களைக் கொண்டு கடன் கொடுக்கல், நாணய மாற்று, காப்பீடு போன்றவற்றை நடத்துவதையே பரவலாக்கப்பட்ட நிதி என்றும், சுருக்கமாக டீஃபை என்றும் அழைக்கின்றனர்.

இதன் நன்மைகளை மறைத்துவிட்டுத் தீமைகளை மட்டும் அடுக்குவது நீதியாகாது. வங்கியில் நாம் வைக்கும் பணம் நம் பணமா என்ற கேள்வி நம் நாட்டு மக்களுக்குப் புதிதன்று. 2019 செப்டம்பரில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.சி. கூட்டுறவு வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாடிக்கையாளர் முதலில் எடுக்க முடிந்தது வெறும் 1,000 ரூபாய். அடுத்த ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியில் அந்த வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. மருத்துவமனைக் கட்டணத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் வைத்திருந்தோர் வங்கி வாசலில் நின்றதை நாம் செய்திகளில் கண்டோம். வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்குமேல் உள்ளது, சட்டத்தின் பார்வையில், நாம் வங்கிக்குக் கொடுத்த கடன்.

டீஃபையில் பணத்தின் திறவுகோல் உரியவரின் கையிலேயே இருக்கிறது. ஞாயிறென்றும் பெருநாளென்றும் விடுமுறை இல்லை. ஆவணம் கேட்டு அலைக்கழிக்கும் எழுத்தர் இல்லை. கடல் கடந்து பணம் அனுப்புவதற்கு உலக சராசரிச் செலவு 200 டாலருக்கு 6 விழுக்காட்டுக்கும் மேல் என்று உலக வங்கி கணக்கிட்டு வருகிறது. வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்கு இது மலிவு. ஆப்பிரிக்கச் சகோதரர்களுக்கோ பெருஞ்சுமை. டாலருக்கு இணையாக மதிப்பு நிறுத்தப்பட்ட ஸ்டேபிள்காயினாக அனுப்பினால், அது சில நிமிடங்களில், பல சமயங்களில் மிகச் சொற்பச் செலவில் போய்ச் சேருகிறது. (எத்தீரியத்தில் நெரிசல் மிகுந்த 2021இல் ஒரு பரிமாற்றத்துக்கே பல பத்து டாலர் கட்டணம் ஆனதையும் சொல்லியாக வேண்டும்.)

நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அந்தப் பேரேடு எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த நிபந்தனையின்மேல் போனது என்பதை எவரும் சரிபார்க்கலாம். பின்னர் அழித்து எழுதுவது மிகக் கடினம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம், எழுதாமல் கொடுத்து உறவை முறித்துக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள் நம் நினைவுக்கு வரும். ஆயிரக்கணக்கான கணினிகள் சாட்சியாக நிற்கும் பேரேடு என்ற எண்ணம் நம் மார்க்கத்திற்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

எனினும் மாணவரின் கேள்வி அதுவன்று. வங்கி இல்லையென்றால் வட்டி இல்லைதானே என்பதே அவர் கேள்வி.

வட்டி என்பது கட்டடத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. மார்க்கம் வட்டியைத் தடுத்தபோது மக்காவில் வங்கி எதுவும் இருக்கவில்லை; தனி மனிதர்களே கொடுத்தனர், தனி மனிதர்களே வாங்கினர். டீஃபையில் கடன் நடைபெறும் விதத்தைப் பாருங்கள். பலர் தம் நாணயங்களை ஒரு பொதுக் குளத்தில் இடுகின்றனர். கடன் வேண்டுவோர் அதிலிருந்து எடுத்து, காலத்திற்கேற்பக் கூடுதலாகத் திருப்பித் தருகின்றனர். அந்தக் கூடுதல், குளத்தில் இட்டவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. இடையில் மேலாளர் இல்லை, நிரல் மட்டுமே உண்டு. ஆனால் கடன்மேல் நிபந்தனையாகப் பெறப்படும் கூடுதல் அப்படியே இருக்கிறது. விகிதம் மணிக்கு மணி மாறுவதாலோ, அதற்கு ‘ஈட்டம்’ என்று பெயர் சூட்டுவதாலோ அதன் தன்மை மாறிவிடாது. இன்னும் சொல்லப்போனால், வங்கி இடையில் நின்றபோது வட்டி வாங்குபவர் யாரென்று கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே நாமே நேரடியாக வட்டிக்கு விடுபவர் ஆகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பதும் சரியன்று. நாணயங்களை மாற்றிக்கொள்ளும் யூனிஸ்வாப் போன்ற சந்தைகளில், இரு வகை நாணயங்களை இட்டு வைப்போருக்கு ஒவ்வொரு பரிமாற்றத்தின் கட்டணத்திலும் பங்கு கிடைக்கிறது. விலை பிசகினால் நட்டமும் நேர்கிறது. இலாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்பது என்ற அளவில் இது கூட்டு வணிகத்திற்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. ஆனால் அங்கே கைமாறும் நாணயம் எது, அதற்கு உண்மையான பயன் உண்டா, வெறும் சூதாட்டமா என்பதைப் பொறுத்தே அதன் சட்டம் அமையும். உலமாக்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2020இல் மலேசியப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு, அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில் டிஜிட்டல் சொத்துகளின் வர்த்தகத்தை அனுமதித்தது. 2021 நவம்பரில் இந்தோனேசிய உலமா சபை, கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்று அறிவித்தது; உண்மையான அடிப்படையும் தெளிவான பயனும் உள்ளதைப் பொருளாக விற்பதற்கு மட்டும் வழி விட்டது.

மாணவர் காட்டிய விளம்பரம் ஆண்டுக்கு இரட்டை இலக்க வருவாய் என்றது. அதைக் கண்டதும் டெர்ரா நினைவுக்கு வந்தது. ஆங்கர் என்ற தளம் ஏறத்தாழ 20 விழுக்காடு தருவதாகக் கூறி உலகெங்கும் பணத்தை ஈர்த்தது. 2022 மே மாதம் அதன் ஸ்டேபிள்காயின் ஒரு டாலர் மதிப்பிலிருந்து சரிந்தது. அதைத் தாங்கி நின்ற லூனா நாணயம் ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. கரைந்த மதிப்பு ஏறத்தாழ 4,000 கோடி டாலர். அங்கே காப்பீடும் இல்லை, முறையிட ஒரு வாசலும் இல்லை. வங்கி வாசலில் நின்றவர்களுக்கு நிற்பதற்கு வாசலாவது இருந்தது.

இவற்றையெல்லாம்விட நம்மை உறுத்தியது கடனாளியின் நிலை. டீஃபையில் நூறு ரூபாய் கடன் பெற வேண்டுமானால் நூற்றைம்பது ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை ஈடு வைக்க வேண்டும். நம் ஊர் அடகுக் கடைக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. வசதியில்லாதவருக்கும் வங்கிச்சேவை என்று முழங்கியபடி வந்த அமைப்பு, ஈடு வைக்க ஒன்றுமில்லாத ஏழைக்கு ஒரு காசும் தருவதில்லை. ஈட்டின் மதிப்பு சரிந்தால் நிரல் அதை அக்கணமே விற்றுவிடும். 2020 மார்ச் 12 அன்று எத்தீரியம் நாணயத்தின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. அன்றைய நெரிசலில் மேக்கர் என்னும் தளத்தில் ஈட்டுப்பொருள்கள் சில பூஜ்ஜிய விலைக்கு ஏலம் போயின. அபராதம் போக மீதி திரும்பி வரும் என்று எண்ணியிருந்தோர் முழு ஈட்டையும் இழந்தனர். நிரல் தன் விதிப்படியே நடந்தது.

கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். தள்ளுபடி செய்வது அதனினும் சிறந்தது என்கிறான். அவகாசம் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும் காது வேண்டும். யாராலும் மாற்ற முடியாதது என்பதே நிரலின் பெருமை. இந்த ஓரிடத்தில் அதுவே அதன் குறையாகவும் ஆகிவிடுகிறது.

ஸுபைர் இப்னு அல்அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றை மாணவருக்கு எழுதினோம். மக்கள் அவரிடம் பணத்தை அமானிதமாக ஒப்படைக்க வருவர். அமானிதமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள் என்பார் அவர். அமானிதப் பொருள் கவனக்குறைவின்றித் தொலைந்தால் பொறுப்பேற்றவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டியது. பிறர் பணம் வீணாகிவிடக் கூடாதே என்றஞ்சி, பாரத்தைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் கொல்லப்பட்டபோது கடன் 22 லட்சமாக இருந்தது. மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்தார். அதன் பின்னும் வாரிசுகள் பாகப்பிரிவினை கேட்டபோது, நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் மக்கள் கூடும் இடத்தில், தந்தையிடம் கடன் கொடுத்தவர் இருந்தால் வாருங்கள் என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்.

இதை எழுதிய கையோடு மாணவரிடம் ஒன்று கேட்டோம். உங்கள் வாலட்டைத் திறக்கும் அந்தப் பன்னிரண்டு சொற்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது என்றார். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பணம் பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தாய்க்கும் மனைவிக்கும் தங்கைக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாரிசுரிமைச் சட்டத்தை அல்லாஹ்வே பங்கு பங்காக வகுத்துத் தந்திருக்க, வாரிசுகளின் கைக்கு எட்டாத இடத்தில் செல்வத்தைப் பூட்டி வைப்பதா? மரண சாசனம் எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். கிரிப்டோ வைத்திருக்கும் இளைஞர்கள் அனைவருக்கும், ஹலால் ஹராம் விவாதத்திற்கு முன்பே, இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

முடிவாக அவருக்கு நாம் எழுதியது இதுதான். கடன் குளத்தில் இட வேண்டாம், அது வட்டி. ஊருக்குப் பணம் அனுப்பச் சட்டம் அனுமதிக்கும் மலிவான வழி எதுவோ அதைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி உண்டு, ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கவும் இயலாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். திருமணப் பணம் குறித்த நாளில் கையில் இருக்க வேண்டிய பணம். ஏறி இறங்கும் எதிலும் அதை வைக்காதீர்கள்.

“அப்படியானால் எங்கே வைப்பது ஹஜ்ரத்?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. வட்டியில்லா வங்கிச்சேவை வேண்டும் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த முயற்சியைக் கைவிட்டது. எனவே நம் இளைஞர்கள் வட்டி வங்கிக்கும் வட்டி நிரலுக்கும் நடுவே நிற்கின்றனர்.

நடுவில் வேறொன்றும் இருக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களில் பைத்துல்மால்கள் நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றிக் கடன் வழங்கி வருகின்றன. ஊருக்கு ஊர் தனித்தனியே, தலைமையகம் இன்றி, அறிமுகமான மனிதர்களால் நடத்தப்படுபவை அவை. அவகாசம் கேட்டால் கொடுக்கின்றன. அவற்றில் பலவற்றிற்கு இல்லாதது அந்தத் திறந்த பேரேடு. கணக்கு ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை வாசிக்கப்படுகிறது, சில ஊர்களில் அதுவும் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தம் பணத்தை ஊர் நிதியை நம்பித் தராமல் முகமறியாத நிரலை நம்பித் தருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

வாங்கியவர் பெயரை மறைத்து, வரவு, கடன், திரும்பியது, நிலுவை என்ற நான்கு எண்களை மட்டும் மாதந்தோறும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிட வேண்டும் என்று எங்கள் மஹல்லா நிர்வாகத்திற்கு மனு எழுதியுள்ளோம். கணக்கை அட்டவணையாக்கும் பொறுப்பை அந்த மாணவரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஷஃபான் மாதப் பொதுக்கூட்டத்தில் மனு எடுத்துக்கொள்ளப்படும், இன்ஷா அல்லாஹ்.