அப்பா கொடுத்த தலையணை

'இதைப் படிச்சுப் பாருடா' என்று அப்பா கொடுத்த புத்தகத்தை மறுபேச்சில்லாமல் படித்த பிள்ளையா நீங்கள்? முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. நான் அந்த ரகம் இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை அப்பா என் கையில் திணித்தார். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்ததும் தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்று நின்றவன் நான். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, 'தமிழ் வீட்ல பேசறதுக்கு இருக்கு. சோத்துக்கு பி.காம். படி' என்று சொல்லி, விண்ணப்பத்தை அவரே நிரப்பிவிட்டார். மூன்று வருஷம் பற்று, வரவு. அப்புறம் சுற்றிவளைத்துப் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தேன். ஆனால், அந்த விண்ணப்பத்தைப் பற்றி இருபத்தைந்து வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அந்த மனிதர் 78 வயதில் தமிழ்த் தாத்தாவைத் தூக்கிக் கொடுத்தால்?

'பத்து அத்தியாயம் படி. பிடிக்கலைன்னா எடைக்குப் போட்டுடு' என்றார்.

எடைக்குப் போடவில்லை. அலமாரியில் போட்டேன். எட்டு மாசம். ஞாயிறுதோறும் போனில், 'ஆரம்பிச்சியா?'

'வேலைப்பா...'

மறுபடி ஊருக்குக் கிளம்பியபோது, கேட்பாரே என்று பயந்து பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் போனுக்கு சார்ஜ் போனது. வேறு வழியில்லாமல் பிரித்தேன்.

பண்டிதத் தமிழ், கொட்டாவி நிச்சயம் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல் கேட்டது. 1940-ல் ஆனந்த விகடனில் வாரத் தொடராக ஆரம்பித்தது இது. அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயசு. 1942-ல் அவர் மறைந்தபோது கதை முடியாமலே நின்றுவிட்டது.

என் பி.காம். மூளையும் சும்மா இருக்கவில்லை. சீவக சிந்தாமணியை அச்சிடக் கையில் முதல் இல்லை. 'புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்' என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி, 1887-ல் கொண்டுவந்துவிட்டார். எங்கள் காமர்ஸ் பாடத்தில் இதைச் சேர்த்திருக்கலாம்!

ஆனால், என்னை உலுக்கியவர் அவருடைய அப்பா வேங்கடசுப்பையர். சங்கீத வித்வான். மகனும் சங்கீதத்தில் பேர் வாங்க வேண்டும் என்று ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று, தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிற ஊராகப் பார்த்துப் பையனோடு அலைந்தார். ராமாயணப் பிரசங்கம் செய்து கிடைப்பதில்தான் ஜீவனம். கடைசியில் மாயூரத்துக்கே கூட்டிப்போய், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். பையனுக்கு அப்போது, நான் பி.காம். சேர்ந்தபோது இருந்த வயசுதான்.

காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், என் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டார் அப்பா.

'எது வரைக்கும் வந்திருக்கே?'

'மாயூரம்.'

கொஞ்ச நேரம் பேசவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

'அவர் செஞ்சதை நான் உனக்குச் செய்யலைடா. அவருக்குத் தைரியம் இருந்துச்சு. எனக்கு, கட்டிக்கொடுக்க உன் அக்கா ரெண்டு பேர் இருந்தாங்க.'

இந்த நாலு வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் அந்தத் தலையணையைக் கொடுத்திருக்கிறார். இது புரியாமல், இருபத்தைந்து வருஷமாக அவர் பேரில் பற்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன் நான்.

'பி.காம். படிக்கலைன்னா, எங்க ஆபீஸ்ல பட்ஜெட் பத்தி யாருப்பா எழுதறது?' என்றேன். சிரித்தார். நானும்.

இந்த வருஷம் என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வரலாறு படிக்கணுமாம். 'அதைப் படிச்சுட்டு என்ன பண்ணுவே?' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

விண்ணப்பம் மேசை மேல் கிடக்கிறது. பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, இதை எழுத வந்துவிட்டேன்.