வேர்வையைக் குடிப்பாங்களா?

ஜப்பான்ல தெருவுக்குத் தெரு நிக்கிற தானியங்கி மெஷின்கள்ல 'போகாரி ஸ்வெட்'னு ஒரு நீல நிற பாட்டில் கிடைக்கும். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க முதல் தடவை பார்த்தா முகம் சுளிக்காம இருக்க மாட்டாங்க. யாரோட வேர்வைங்க இது? :-)

1980-ல ஒட்சுகாங்கிற மருந்துக் கம்பெனி கொண்டுவந்த சரக்கு. ஆஸ்பத்திரிகளுக்கு சலைன் தயாரிச்சுக்கிட்டிருந்தவங்க, அதையே வாயால குடிக்கிற மாதிரி செஞ்சா என்னன்னு யோசிச்சதுல பிறந்தது. 'போகாரி'க்கு அர்த்தமே கிடையாது, காதுக்கு லேசா, பளிச்சுனு கேக்குதுன்னு வெச்சது. 'ஸ்வெட்', வேர்வையில போன தண்ணியையும் உப்பையும் திருப்பித் தருதுங்கறதுக்காக. ஆக பாதி இடுகுறிப்பெயர், பாதி காரணப்பெயர். நம்ம தமிழய்யா கேட்டா சந்தோஷப்படுவார்.

அமெரிக்காவோட 'கேட்டரேட்' கதை இன்னும் சுவாரசியம். 1965-ல புளோரிடா பல்கலைக்கழக டாக்டர் ராபர்ட் கேட், அங்கத்திய 'கேட்டர்ஸ்' கால்பந்து அணிக்காகக் கலக்கினது. கேட்டர்னா முதலை இனம். முதல்ல உதவிங்கற அர்த்தத்துல 'எய்ட்'னு முடிக்கத்தான் நினைச்சாங்க. ஆனா அப்படி வெச்சா மருந்துன்னு ஆயிடும், மருந்துன்னா நிரூபிச்சுக் காட்டணும். அதனால லெமனேட் மாதிரி 'ஏட்' ஆக்கிட்டாங்க.

இந்த ஜாக்கிரதை நம்ம ஊர்ல இல்லாமப் போச்சு. அக்கா பையனுக்கு வயித்தால போனப்ப மருந்துக்கடையில ஒரு டெட்ரா பேக் கொடுத்தாங்க. மேல கொட்டை எழுத்துல ஓ.ஆர்.எஸ். உள்ள சர்க்கரைத் தண்ணி. டாக்டர் பார்த்துட்டு அதை ஓரமா வைக்கச் சொல்லி, ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கிற பொட்டலம் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை அதிகமானா குடல் இன்னும் தண்ணியை இழுத்து வெளியே தள்ளுமாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குல லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்.

ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் விடாம சண்டை போட்டாங்க. 2025 அக்டோபர்லதான், அந்தக் கணக்குல இல்லாத பானம் எதுவும் பேர்ல ஓ.ஆர்.எஸ்.னு போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. மூணு எழுத்துக்கு எட்டு வருஷம்!

போகாரியும் பேதிக்கு ஆகாதுங்க, அதுல உப்பு கம்மி. அதுக்குன்னு ஒட்சுகா குழுமமே 'ஓ.எஸ்.-1'னு தனியா ஒண்ணு விக்குது. வேர்வைக்கு வேர்வைன்னு பேர் வெச்சவங்களாச்சே.