பாஸ் சொல்லத் தெரியாதவன்

வாத்தியார் சீட்டாடுகிறார் என்று கேள்விப்பட்டால் ஜனங்கள் முதலில் வாத்தியாரைப் பற்றிப் பரிதாபப்படுகிறார்கள். அடுத்தபடியாக அவருடைய சம்சாரத்தை நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள். ஆகையால் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஆடுவது காசு வைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பிரிட்ஜ் என்னும் ஆட்டம். 2018-ம் வருஷம் ஜாகர்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தன், சிவநாத் சர்க்கார் என்னும் இருவர் இந்த ஆட்டத்தில் நம் தேசத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கி வந்தார்கள். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. வேறு எந்தப் போட்டியில் இந்த வயதுக்காரர்களை மைதானத்துக்குள் விடுவார்கள்? செய்தி வந்த பத்திரிகையை வெட்டி என் மனைவியிடம் காட்டினேன்.

"அவர்கள் பதக்கம் வாங்கினார்கள், சரி. நீங்கள் என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டாள்.

நான் என்ன வாங்கினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் சீட்டு வித்தைக்கு அக்ஷராப்பியாசம் நடந்தது தாத்தா வீட்டுத் திண்ணையில். அங்கே ஆடியது முந்நூற்று நாலு. அந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மரியாதை இல்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. அப்புறந்தான் ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. கூட்டல் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வருவதற்கு முன்பே திண்ணையில் வந்துவிட்டது. முதல் நாலு சீட்டுப் போட்டதும் கேள்வி ஆரம்பமாகும். அதிகமாகக் கேட்டவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான். அந்தத் துருப்பைக் கவிழ்த்து வைக்கும்போது மனுஷனுக்கு உண்டாகும் கம்பீரம் இருக்கிறதே, அது தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட வராது! பாஸ் சொன்னவனைத் தாத்தா கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார். "கையில் ஜாக்கியை வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டாயா? நீ நெல் விற்கப் போனால் வியாபாரி சொன்ன விலைக்கே போட்டுவிட்டு வருவாய்" என்பார்.

இந்தப் புத்தியோடுதான் காலேஜ் ஹாஸ்டலில் பிரிட்ஜ் ஆட உட்கார்ந்தேன். எம்.எஸ்ஸி. பரீக்ஷையில் தேறினேன்; இந்தப் புத்தி மட்டும் தேறவில்லை.

பிரிட்ஜ் ஆடாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டையும் எடுப்பதற்கு எங்கள் மேஜையில் 'பிடி' என்று பெயர். ஆக மொத்தம் பதின்மூன்று பிடி. 'நாலு இஸ்பேட்' என்று ஒருவர் கேட்டால், ஆறோடு நாலு சேர்த்துப் பத்துப் பிடி எடுக்கிறேன், இஸ்பேட்தான் துருப்பு என்று அர்த்தம். சொன்னபடி எடுத்தால் லாபம்; குறைந்தால் குறைந்த ஒவ்வொரு பிடிக்கும் அபராதம். "உம்மால் முடியாது" என்று எதிராளி 'டபிள்' சொல்லிவிட்டால் அந்த அபராதம் எக்கச்சக்கமாக ஏறும்.

இந்தக் கணக்கை ஏற்படுத்தியவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் சீமான். 1925-ம் வருஷம் 'ஃபின்லாந்து' என்னும் கப்பலில் பனாமாக் கால்வாய் வழியாகப் பிரயாணம் செய்தபோது, கூட வந்தவர்களை உட்கார வைத்து இதைப் பரீக்ஷித்துப் பார்த்தார். அதற்கு முன் வழங்கிய ஆட்டத்தில், குறைவாகக் கேட்டுவிட்டு அதிகமாக எடுத்தாலும் எடுத்ததெல்லாம் ஆட்டக் கணக்கில் சேரும். 'கேட்டதுதான் கணக்கு' என்றார் வாண்டர்பில்ட். எல்லோரும் துணிந்து கேட்க வேண்டியதாயிற்று. துணிந்து கேட்கிறவர்கள் பெருகியபடியால், பேசாமல் உட்கார்ந்து அவர்களைக் கவிழ்க்கிறவர்களுக்கும் பிழைப்பு ஏற்பட்டது.

அப்படிப்பட்ட ஒருவர்தான் என் கூட்டாளி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தகப்பனார் காலமான பிறகு, நீடாமங்கலத்தில் நான் எழுந்து நின்று 'ஸார்' என்று சொல்லும் மனிதர் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் மேஜை போடுவார்கள். நாலு பேரும் உட்கார்ந்தால், சுவர்க்கோழி கத்துகிற சத்தமும் ஸ்டேஷனில் எஞ்சின் திரும்புகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேளாது. நான் கேட்டுக்கொண்டே போவேன். அவர் பாஸ் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"பாஸ் என்றால் தோல்வி என்று நினைக்கிறீரா, வாத்தியாரே? முப்பத்தைந்து வருஷம் வண்டியை அனுப்பியதற்குச் சம்பளம் வாங்கினேன் என்றா நினைத்தீர்? நிறுத்தி வைத்ததற்குத்தான் வாங்கினேன்" என்று ஒரு தடவை சொன்னார். போட்டிகளில் வாயால் கேட்பதில்லை. பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். அதில் பாஸ் அட்டை பச்சை, டபிள் அட்டை சிவப்பு. "பச்சையைக் காட்டிவிட்டு நிற்கச் சொல்கிறானே, இவன் ரயில்வேக்காரனாக இருக்க மாட்டான்" என்று அவருக்கு அதிலே ஒரு தீராத ஆச்சரியம்.

தஞ்சாவூரில் ஒரு சங்கத்தார் நடத்திய போட்டிக்கு நாங்கள் இருவரும் ஜோடியாகப் போனோம். மத்தியானம் வரையில் நல்ல நிலைமையில் இருந்தோம். பிறகு வந்தது அந்தக் கை. அதை நான் இன்னும் மறக்கவில்லை. இஸ்பேட்டில் ஆஸ், ராணி, பத்து, ஆறு, மூன்று. ஆர்ட்டினில் ராணி, ஜாக்கி, நாலு. டயமண்டில் ராஜா, எட்டு. கிளாவரில் ஒன்பது, ஐந்து, இரண்டு.

வலது பக்கத்து எதிராளி ஒரு ஆர்ட்டின் கேட்டார். நான் ஒரு இஸ்பேட் என்றேன். இடது பக்கத்தவர் இரண்டு ஆர்ட்டின். என் கூட்டாளி இரண்டு இஸ்பேட். வலது பக்கத்தவர் ஒரே தாவாக நாலு ஆர்ட்டினுக்குப் போனார். நான் யோசிக்கவேயில்லை. தாத்தாவின் திண்ணை கண் முன்னால் வந்தது. நாலு இஸ்பேட் அட்டையை எடுத்து வைத்தேன். வலது பக்கத்தவர் சிரித்துக்கொண்டே சிவப்பு அட்டையை வைத்தார்.

பத்துப் பிடி எடுக்க வேண்டிய இடத்தில் எட்டு எடுத்தேன். எதிராளிகளுக்கு 300.

தேநீர் வந்தது. பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். என் தவறாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. "மூன்றே மூன்று இஸ்பேட்டை வைத்துக்கொண்டு எதற்கு ஸார் ஏற்றினீர்கள்? உங்களை நம்பித்தானே நான் போனேன்!" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயதாகிவிட்டால் வீட்டில் பேரனோடு ஆட வேண்டியதுதான்" என்றும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து, "அடுத்த கைக்கு நேரமாகிறது" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரயிலில் இருவரும் ஜன்னல் ஓரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கதை சொல்லுவார். அன்று ஒரு கதையும் இல்லை. நீடாமங்கலத்தில் கேட் சாத்தியிருந்தது. நெல் மூட்டை ஏற்றும் கூட்ஸ் வண்டி முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்: அங்கே காத்திருக்கும் நேரத்தில் ஒரு சினேகிதத்தையே ஆரம்பித்து முடித்துவிடலாம். மன்னிப்புக் கேட்பதற்கு எவ்வளவோ அவகாசம் இருந்தது. கேட்டுக்கொண்டே போகும் எனக்கு அது ஒன்றுதான் கேட்க வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேஜை போடவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அவர் பெண் பெங்களூரில் இருக்கிறாள்; அங்கேயே போய்விடப் போகிறாராம் என்று கடைத்தெருவில் பேச்சு.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, கூடத்தில் சீட்டைப் பரப்பி அந்தக் கையை மறுபடியும் ஆடினேன். 'ஸாருக்கு வயதாகிவிட்டது' என்பதை நிரூபிப்பதற்காகத்தான் ஆடினேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இஸ்பேட்டை ஆடிப் பார்த்தேன்; எப்படிப் போட்டாலும் எட்டுப் பிடிக்கு மேல் வரவில்லை. பிறகு, நான் பாஸ் சொல்லி எதிராளி நாலு ஆர்ட்டின் ஆடியிருந்தால்? என்னுடைய இஸ்பேட் ஆஸ் ஒன்று. அவருடைய இஸ்பேட் ராஜா இரண்டு. ஆர்ட்டினில் என் ராணி ஜாக்கிக்கு ஒன்று, மூன்று. டயமண்டில் என் ராஜாவும் அவருடைய ராணியும் இருக்கும்போது ஒன்றாவது வராமல் போகாது, நாலு. அவருடைய கிளாவர் ராணி ஐந்து. எதிராளிக்கு எட்டுப் பிடிதான்! இரண்டு குறைவு, எங்களுக்கு 100. வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்கும் நூற்றை விட்டு, முந்நூறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் ஏற்றியதில் குற்றமே இல்லை. மூன்று துருப்பும் ஒரு ராஜாவும் இருக்கிறவர் இரண்டுக்கு ஏற்றத்தான் வேண்டும். என் கையிலே அல்லவா எல்லா எச்சரிக்கையும் இருந்தது! ஆர்ட்டின் ராணியும் ஜாக்கியும் நான் இஸ்பேட் ஆடும்போது பெரும்பாலும் அலங்காரச் சாமான்கள். எதிராளி ஆர்ட்டினைத் துருப்பாக்கி ஆடும்போதோ, அவருடைய கைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நிச்சயமான ஒரு பிடி. எதிராளியின் இனத்தில் நமக்கு இப்படிப்பட்ட படச் சீட்டுகள் வந்தால், 'இந்தக் கை ஆடுவதற்கு அல்ல, தடுப்பதற்கு' என்று அவை சொல்லுகின்றன. போதாததற்கு என் கையில் ஒற்றைச் சீட்டு இனம் என்று ஒன்றும் இல்லை. ஐந்து, மூன்று, இரண்டு, மூன்று என்று சமதளமான கை. துருப்பு வெட்டிப் பிடி எடுப்பதற்கு அதிலே இடம் ஏது?

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 1969-ல் ழான் ரெனே வெர்ன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். பிறகு 1992-ல் லாரி கோஹன் என்னும் அமெரிக்கர் அதைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதிப் பிரசித்தமாக்கினார். நம் ஜோடிக்கு மிக நீளமான இனத்தில் எத்தனை சீட்டு, எதிர் ஜோடிக்கு அவர்களுடைய நீளமான இனத்தில் எத்தனை சீட்டு, இரண்டையும் கூட்டு. நம் துருப்பில் நாம் எடுக்கக்கூடிய பிடிகளும், அவர்கள் துருப்பில் அவர்கள் எடுக்கக்கூடிய பிடிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்தத் தொகைதான் வரும். எங்களுக்கு இஸ்பேட் எட்டு, அவர்களுக்கு ஆர்ட்டின் எட்டு, மொத்தம் 16. அவர்கள் பத்து எடுத்தால் எங்களுக்கு ஆறுதான் மிஞ்சும். நாங்கள் பத்து எடுத்தால் அவர்களுக்கு ஆறு. அப்போது டபிள் சொல்லி அவர்களை ஆட விடுவதே கொள்ளை லாபம். எப்படிப் பார்த்தாலும் எட்டுத் துருப்பை வைத்துக்கொண்டு, எதிராளியின் நாலுக்கு மேல் நாலு கேட்பது பைத்தியக்காரத்தனம். எட்டுத் துருப்பு இருந்தால் எட்டுப் பிடி வரையில், அதாவது இரண்டு வரையில் சண்டை போடலாம். ஒன்பது இருந்தால் மூன்று. பத்து இருந்தால் நாலு. ஒன்றிரண்டு பிடி முன்பின்னாகும். படச் சீட்டுகள் எதிராளியின் இனத்தில் இருந்தால் தொகை குறையும் என்று கோஹனே எச்சரிக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு எட்டும் எட்டும் கூட்டத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

பாஸ் சொல்வதிலும் ஒரு லக்ஷணம் உண்டு. சிலர் கூரையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, அரை நிமிஷம் கழித்து மனமில்லாமல் பாஸ் சொல்லுவார்கள். 'என் கையில் சரக்கு இருக்கிறது' என்று கூட்டாளிக்குத் தந்தியடிக்கிற மாதிரி! அந்தத் தயக்கத்தைக் கண்டு கூட்டாளி ஆதாயம் தேடக் கூடாது என்று ஆட்டத்தின் சட்டமே சொல்லுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றுமில்லாத கைக்கும் பதினைந்து எண் உள்ள கைக்கும் ஒரே நிதானத்தோடு பாஸ் சொல்லுவார். தஞ்சாவூரில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தபோதும் அதே நிதானந்தான். அதனால்தான் அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கிறது என்பது எனக்கு உடனே தெரியவில்லை.

மறுநாள் காலையில் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாதி கட்டிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. நான் ஒன்றும் பேசாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த நாலு கையையும் பரப்பினேன். எதிராளி ஆடுவதாக வைத்துக்கொண்டு எங்களுடைய ஐந்து பிடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் அடுக்கினேன். ஐந்தாவதாக அவருடைய கிளாவர் ராணியை வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"ஸார், என் தப்பு. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் சீட்டுகளைப் பார்த்தார். "ஐந்து வரும் என்று அன்றைக்கே தெரியும். டயமண்டில் ஆறாவதும் வருமோ என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன்" என்றார்.

"அதனால்தான் பேசவில்லையா?"

"அதனாலும்" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை மேஜை போட்டார்கள். பெட்டி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது கையில் எதிராளி நாலு இஸ்பேட் கேட்டார். எனக்கு டயமண்ட் ஆறு சீட்டு. ஸார் முன்பே டயமண்டில் ஏற்றியிருந்தார். நாக்கு நுனி வரையில் வந்த 'ஐந்து டயமண்டை' விழுங்கி, முகத்தில் சலனமில்லாமல், கூரையைப் பார்க்காமல், பாஸ் என்றேன். எதிராளி சிரமமேயில்லாமல் பத்துப் பிடியை எடுத்து 420 எழுதிக்கொண்டார். பிறகு பார்த்தால் எங்களுக்கு டயமண்ட் மொத்தம் பத்து! ஐந்து கேட்டு, டபிள் வாங்கி, ஒரு பிடி குறைந்திருந்தாலும் 100-ஓடு போயிருக்கும்.

நான் மெதுவாக ஸாரின் முகத்தைப் பார்த்தேன்.

"ஏன் ஸார், சொல்லிவிடுங்களேன்!"

"என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் வயதாகிவிட்டதே" என்று சொல்லி, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துவிட்டு, கலைத்த கட்டை வெட்டுவதற்காக என் பக்கம் நகர்த்தினார்.